நேர்த்திக் கடனும் விடைகொடுத்தலும்: படுவான்கரைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இறக்கும் தறுவாயில் ஒருவர் இருக்கும் வீட்டில் இறைநம்பிக்கை ஆறுதல் தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதே நம்பிக்கை சில வேளைகளில் குடும்பத்தின் கையைக் கட்டிப்போடுவதும் உண்டு என்பதை, மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வீடுவீடாகச் சென்று நோயாளர்களோடு பழகுகிறவர்கள் அறிவார்கள். இங்கே நான் எழுதுவது அப்படிக் கட்டுண்டு நின்ற ஒரு குடும்பத்தைப் பற்றியது. அவர்களுடைய நம்பிக்கை குறைந்ததால் அந்தக் கட்டு அவிழவில்லை. நம்பிக்கைக்கு உள்ளேயே இருந்த இன்னொரு வழியைக் கண்டதால் அவிழ்ந்தது. உளவளத்துணையாளர் என்ற முறையில் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரையும் ஆண்டையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

பெரியவருக்கு 71 வயது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் வெள்ளாமை செய்தவர். எங்கள் பகுதியின் வழக்கப்படி வீடு வளவு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போயிருந்ததால், அவரும் மனைவியும் அந்த மகளின் வளவிலேயே பின்பக்கத்து அறையில் இருந்தார்கள். இளைய மகள் கிழக்குக் கரையான எழுவான்கரையில் திருமணமாகி இருந்தார். மகன் கட்டாரில் வேலை பார்த்தார்.

வாய்ப்புற்றுநோய் ஐப்பசியில் கண்டறியப்பட்டது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவை ஐம்பது ஆண்டுகளாக அவர் வாயை விட்டு நீங்கியதில்லை. இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலைத் தாம்பூலம் புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தானே தேடிக்கொண்ட நோய் என்ற எண்ணம் அவரிடம் ஆழமாக இருந்தது. வலியைப் பற்றி அவர் எடுத்த முடிவுகளுக்கும் அதற்கும் தொடர்பிருந்தது.

சத்திரசிகிச்சையும் அதைத் தொடர்ந்து கதிர்ச் சிகிச்சையும் மாசி மாதத்தோடு முடிந்தன. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு கழுத்தில் மீண்டும் கட்டி தெரிந்தது. குணப்படுத்தும் சிகிச்சை இனி இல்லை என்றும், வலியைக் குறைத்து அவரை வசதியாக வைத்திருப்பதே செய்யக்கூடியது என்றும் வைகாசியில் மருத்துவர்கள் கூறினர். விழுங்க முடியாததால் மூக்குவழிக் குழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அப்போது மூன்று நிலைப்பாடுகள் இருந்தன. மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு மீண்டும் கொண்டுபோக வேண்டும், காணியை ஈடு வைத்தாவது செய்ய வேண்டும் என்று மகன் தொலைபேசியில் வற்புறுத்தினார். பெரியவர் தன் வளவை விட்டு எங்கும் வரமாட்டேன் என்றார். மூத்த மகள் எதுவும் சொல்லவில்லை. வைத்தியர் சொன்னது விளங்கியதா என்று கேட்டால் ஓம் என்பார். அதன்படி எதையாவது செய்வோமா என்றால் பேச்சை மாற்றுவார். அவருடைய இந்த மௌனத்தை மறுப்பு என்று பாடப்புத்தக முறையில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். உண்மையில் அது வேறொன்று.

நேர்த்தி

முதல் சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள், மூத்த மகள் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்திருந்தார். அப்பாவுக்குச் சுகம் கிடைத்தால் அடுத்த தேரன்று அவர் தன் கையால் வடம் பிடிப்பார், தான் கற்பூரச் சட்டி எடுப்பேன் என்பது அந்த நேர்த்தி. மஞ்சள் துணியில் காசு முடிந்து சுவாமிப் படத்தின் அருகே கட்டியும் வைத்திருந்தார். தான்தோன்றீஸ்வரர் படுவான்கரை மக்களுக்குக் குலதெய்வம் போன்றவர். கல் நந்தி எழுந்து புல் உண்டு பறங்கியரைத் திகைக்கவைத்த கதையைப் பிள்ளைகள் தாய்மடியிலேயே கேட்டு வளர்கிறார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை எழுவான்கரை அடியார்கள் பாதை எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து தேருக்கு வந்தார்கள். பெரியவர் இளம் வயது முதல் தவறாமல் வடம் பிடித்தவர்.

தேர் ஓடுவது ஆகஸ்ட், செப்டம்பர் அளவில். ஆனி மாதத்திலேயே அவர் கட்டிலோடு ஒடுங்கிவிட்டார்.

சிக்கல் எங்கே இருந்தது என்பது ஒரு மாலை, மகள் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டே என்னிடம் பேசியபோதுதான் தெரிந்தது. அப்பா தேருக்கு முன் இறந்துவிட்டால் வீட்டில் துடக்கு, அதாவது இறப்புத் தீட்டு. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரை கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. அந்தக் குடும்பத்தின் வழக்கப்படி ஆண்டுத் திவசம் வரை கொடியேறிய கோயிலில் நேர்த்தி எடுக்கவும் மாட்டார்கள். வடம் பிடிக்க வேண்டிய கையோ அதற்குள் இருக்காது. ஆக, நேர்த்தி நிறைவேறாமல் நின்றுவிடும். நிறைவேறாத நேர்த்தி தெய்வக் குற்றம். அது தன் பிள்ளைகளின் தலையில் வந்து விடியும் என்று அவர் அஞ்சினார். அதைவிடப் பெரியது இன்னொன்று. மகரகமைக்குப் போக வேண்டாம், இனிக் குழாய் வேண்டாம், ஊசி வேண்டாம் என்று அவர் ஒத்துக்கொண்டால், சுகம் தா என்று கேட்ட வாயாலேயே சுகம் வேண்டாம் என்று சொல்வதாகிவிடும் அல்லவா? "நான் கேட்டுப்போட்டு நானே கைய விட்டா, சாமி என்னப் பத்தி என்ன நினைக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இல்லை.

இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், இறக்கும் நோயாளியின் வலி உடலோடு மட்டும் நிற்பதில்லை, மனமும் சுற்றமும் ஆன்மிகமும் சேர்ந்த முழுமையான வலி அது என்று வற்புறுத்தினார். வலிதணிப்புப் பராமரிப்பு படித்த எல்லோரும் அறிந்த கருத்து இது. ஆனால் ஆன்மிக வலி என்றால் என்ன என்று எங்கள் படிவங்களில் கேட்பதில்லை. நீங்கள் எந்தச் சமயம் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். தீராத நேர்த்தி ஒன்று ஒரு வீட்டின் மருத்துவ முடிவு முழுவதையும் பிடித்து நிறுத்த முடியும் என்பதை இந்த வீட்டில் கண்டேன்.

பெரியவரின் பக்கம்

பெரியவர் வலிக்குக் கொடுத்த மோர்பின் குளிசையை ஏற்க மறுத்தார். குழாய் வழியாகக் கரைத்துக் கொடுக்க மகள் முயன்றபோது கையைத் தட்டிவிட்டார். அப்போது அவருக்குப் பேச்சு குழறியது; சொல்வதை ஊகித்து, தலையசைவால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மெல்ல மெல்லக் கேட்டதில் இரண்டு காரணங்கள் வெளிவந்தன. ஒன்று, இந்த வலி தன் வினை, அனுபவித்தே கழிக்க வேண்டும் என்ற எண்ணம். மற்றது, மருந்தில் மயங்கிக் கிடந்தால் கடைசி மூச்சில் சிவநாமம் சொல்ல முடியாமற் போகும் என்ற பயம்.

இந்த இரண்டையும் அறியாமை என்று ஒதுக்கியிருந்தால் அந்த வீட்டின் கதவு எனக்கு அன்றே மூடியிருக்கும். ஊர்ப் பிள்ளையார் கோயிலின் குருக்கள் ஐயாவையும், பெரியவரோடு நீண்டகாலம் பழகிய வண்ணக்கர் (கோயில் நிருவாகப் பொறுப்பாளர்) ஒருவரையும் வரச் சொல்லலாமா என்று கேட்டேன். பெரியவர் தலையசைத்தார்.

குருக்கள் ஐயா கட்டிலருகே கதிரை போட்டு அமர்ந்து, சைவ சித்தாந்தம் சொல்லும் வினை மூன்றையும் எடுத்துப் பேசினார். பிராரத்தம் உடலெடுத்த பிறவியில் நுகர்ந்து கழிவது என்பது மெய்தான். ஆனால் வலி வருவது மட்டுமா பிராரத்தம், வலியை ஆற்ற மருந்தோடு ஒரு மகள் பக்கத்தில் நிற்பதும் நீங்கள் ஈட்டிய வினைப்பயன்தானே, அதை ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டார். பெரியவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அன்றிரவு முதல் வேளை மருந்தை ஏற்றார். நான் பத்து நாட்கள் பேசியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அந்த அதிகாரமும் இல்லை.

மயக்கம் பற்றிய பயத்துக்கு வைத்தியர் பதிலளித்தார். வலிக்கு ஏற்ற அளவில், சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்றிக் கொடுக்கும் மோர்பின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. தொடக்கத்தில் வரும் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். மலச்சிக்கல் மட்டும் தெளியாது, ஆகவே அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்ற ஒழுங்கைத் தவறவிடாமல் இருக்க, மகள் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து, நேரம், அளவு, வலி எப்படி என்று மூன்று கோடு இழுத்து எழுதத் தொடங்கினார்.

வலி அடங்கிய பிறகுதான் பெரியவர் தன் மனதில் கிடந்ததைச் சொன்னார். அவரும் அந்த நேர்த்தியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மகள் தன் பொருட்டுக் கடன்பட்டுவிட்டாள், தேர் வரைக்கும் எப்படியாவது உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் தனக்குள் நினைத்திருந்தார். அப்பாவைப் போகவிடக் கூடாது என்று மகளும், மகளைக் கடன்காரியாக விட்டுப் போகக் கூடாது என்று அப்பாவும், ஒரே முடிச்சின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அவிழ்த்தல்

வழியைச் சொன்னவர் வண்ணக்கர். நேர்த்தி என்பது சுகத்துக்குக் கொடுக்கும் கூலியல்ல. தெய்வத்தின் முன் வைத்த சொல். சொன்னதைச் சுகம் வந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று எந்தக் கோயிலும் விதிக்கவில்லை. துடக்கு வரும் முன்னரே செய்யலாம், செய்துவிட்டுச் சாமியின் சித்தம் என்று விட்டுவிடலாம் என்றார். வடத்துக்கு என்ன செய்வது என்று மகள் கேட்டார். வடம் பிடிப்பது கையல்ல, அவர் எத்தனை வருடம் பிடித்திருக்கிறார் என்பது தான்தோன்றியாருக்குத் தெரியும் என்றார் வண்ணக்கர்.

ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நேர்த்தியைக் கழிப்பதென்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு முன் மஞ்சள் முடிச்சைப் படத்தடியிலிருந்து எடுத்து, அதை அவிழ்க்கச் சொல்லிப் பெரியவரின் கையில் கொடுத்தார்கள். எட்டு மாதமாக இறுகிக் கிடந்த முடிச்சு அது. அவருடைய விரல்களில் வலுவில்லை. பெருவிரல் நகத்தை மடிப்புக்குள் விட்டு நெம்பினார், வழுக்கியது, மறுபடி நெம்பினார். மகள் உதவக் கை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்தார். முடிச்சு நெகிழ்ந்து காசு துணியில் விழுந்ததும், அதைத் தன் நெற்றியில் ஒற்றி மகளின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் மூடினார். "போய்ட்டு வாங்க மகள்" என்று குழறலாக, ஆனால் எல்லோருக்கும் விளங்கச் சொன்னார்.

மகள் கோயிலில் கற்பூரச் சட்டி எடுத்து வீதி சுற்றி, காசை உண்டியலில் இட்டுத் திரும்பினார். அன்று மாலையே தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, அப்பாவை எங்கும் கொண்டுபோகவில்லை என்று சொன்னார். வைகாசியிலிருந்து சொல்ல முடியாதிருந்த சொல் அது.

கடைசி நாட்கள்

ஆடி பிறந்த சில நாட்களில் பெரியவர் மூக்குக் குழாயைத் தானாகவே இழுத்துவிட்டார். மீண்டும் பொருத்துவதா என்ற கேள்வி எழுந்தது. உடல் அடங்கிவரும் கட்டத்தில் பசி தானாகவே ஒடுங்குகிறது, வலிந்து ஊட்டும் உணவு நுரையீரலுக்குள் போய் அவரை அதிகமாக வருத்தலாம் என்று வைத்தியர் விளக்கினார். இருந்தும் ஒருவரைப் பசியோடு வழியனுப்புவதைப் போல் எங்கள் மனங்களைச் சுடுவது வேறில்லை. மூத்த மகள் இங்கேதான் அதிகம் அழுதார்.

எருமைத் தயிரும் சர்க்கரையும் அவருக்கு மிகப் பிடித்தது. ஒரு சிறு சட்டித் தயிர் வாங்கி, விரல் நுனியால் தொட்டு அவர் நாவில் தடவலாம், அவ்வளவு போதும், அதனால் கெடுதி வராது என்று தாதி சொல்லிக் கொடுத்தார். மற்ற நேரங்களில் கோயில் தீர்த்தத்தில் நனைத்த பஞ்சால் உதட்டையும் ஈறையும் துடைத்தார்கள். வாய்ப்பராமரிப்பு என்று நாங்கள் எழுதுவதும், கடைசித் தண்ணீர் என்று வீடு கருதுவதும் இங்கே ஒரே செயலாக இருந்தன. வாய்நிறையப் பால் ஊற்றினால் மூச்சு அடைக்கும் என்பதால் உறவினர் எல்லோரும் பஞ்சினாலேயே தொட்டுக் கொடுக்கும்படி முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம், ஒருவரும் மறுக்கவில்லை.

காத்தான்குடியிலிருந்து அவரோடு கூட்டாக வெள்ளாமை செய்த முஸ்லிம் நண்பர் ஒருவர் வந்து கட்டிலருகே நெடுநேரம் இருந்தார். எழும்போது, நாம் இறைவனுக்குரியவர்கள், அவனிடமே மீளுகிறவர்கள் என்ற தங்கள் குர்ஆன் வசனத்தின் பொருளைப் பெரியவரின் மனைவிக்குச் சொன்னார். "எங்கட ஆக்களும் இதத்தான் சொல்ற, தம்பி" என்றார் அந்த அம்மா.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூத்தவர்கள் பலரைப் போல அவரும் 1978 சூறாவளியையும், போரையும், 2004 கடல்கோளையும் கண்டவர். 1990இல் காணாமற்போன தம்பி ஒருவர் அவருக்கு இருந்தார். உடல் கிடைக்கவில்லை, இறந்தாரா என்பதே உறுதியில்லாததால் அந்தியேட்டியும் செய்யவில்லை. மற்றவர்கள் அழுதுகொண்டிருந்த வீட்டில் அவர் மட்டும் பாய் விரிப்பது, விளக்கேற்றுவது, வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது என்று ஓயாமல் நடந்தார். உணர்வை அடக்கி வைத்திருக்கிறாரோ என்று நான் ஐயுற்றுக் கேட்டேன். "தம்பிக்கு ஒண்டும் செய்யக் கிடைக்கல்ல. இவரையாவது கண்ணுக்கு முன்னால, செய்ய வேண்டியது எல்லாம் செய்து அனுப்புறன்" என்றார். வீட்டில், சுற்றம் சூழ, முறைப்படி ஒரு மரணம் நிகழ்வதே பேறு என்று கருதும் தலைமுறை ஒன்று கிழக்கில் இருக்கிறது. அவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

மூச்சு இடைவிட்டு இடைவிட்டு வரும், தொண்டையில் சளிச் சத்தம் கேட்கும், கைகால் குளிரும், இவை அவரைத் துன்புறுத்துவதைவிடப் பார்ப்பவரையே துன்புறுத்தும் என்று முன்னரே சொல்லியிருந்ததால் யாரும் பதறி வாகனம் பிடிக்கவில்லை. சிவபுராணம் ஓதிக்கொண்டிருக்கும்போது, விடியற்காலையில் உயிர் பிரிந்தது. அவர் சிவநாமம் சொன்னாரா என்று மற்றவர்கள் கேட்டார்கள். உதடு அசைந்தது என்று இளைய மகள் சொன்னார். மூத்தவர் தான் கவனிக்கவில்லை என்றார். இருவரையும் அப்படியே விட்டுவிட்டோம்.

வீட்டில் நிகழ்ந்த மரணம் என்பதால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையைப் பெற்றுப் பதிவாளரிடம் பதிந்தார்கள். நோய் பற்றிய மருத்துவக் கடிதங்கள் ஒரே கோப்பில் இருந்ததால் தாமதம் ஏற்படவில்லை. மகன் வந்துசேர ஒரு நாள் காத்திருந்து, திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து, மறுநாள் நல்லடக்கம் செய்தார்கள்.

மகன்

மூத்த மகளுக்கு நிகழ்ந்தது மகனுக்கு நிகழவில்லை. நேர்த்தி கழித்ததையும் கடைசி நாட்களையும் அவர் வாட்ஸ்அப்பில் மட்டுமே பார்த்தவர். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு முழுவதும் வாகனத்தில் வந்து, கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவைக் கண்டார். எட்டாம் நாள் சடங்கிலும் 31ஆம் நாள் அந்தியேட்டியிலும் சொன்னதையெல்லாம் செய்தார். ஆனால் மகரகமைக்குக் கொண்டுபோயிருந்தால் என்ற கேள்வியை விடவில்லை. அக்காவோடு சரியாகப் பேசாமலே திரும்பிப் போனார்.

அடுத்த ஆண்டு விடுமுறையில் வந்து, ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் தீர்த்தமாடித் தந்தைக்குரிய கடனைச் செய்தார். அதனால் ஓரளவு தணிந்தார் என்பது அவர் வாக்கு. முழுவதும் அல்ல. சடங்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது சடங்குக்கும் நியாயமல்ல, மனிதருக்கும் நியாயமல்ல. நம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆனால் தந்தையின் இறுதி நாட்களில் அவர் பங்கெடுத்த செயல் ஒன்றுகூட இருக்கவில்லை. மூத்த மகளுக்கு முடிச்சும் பஞ்சும் தயிரும் இருந்தன. அந்த வீட்டில் நான் தவறவிட்டிருக்கக் கூடாத வேலை என்று இப்போது எண்ணுவது, தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பங்கை ஒதுக்குவது: தொலைபேசியில் தேவாரம் ஒன்றை அவர் பாட, அதை அப்பாவின் காதருகே வைப்பது போன்ற ஒன்று. இப்போது நான் செல்லும் வீடுகளில் இதைக் கேட்கிறேன். தீராத நேர்த்தி ஏதும் இருக்கிறதா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்கிறேன். சமயம் எதுவாயினும் கேட்கிறேன்.

தீர்த்தமாடிய அன்று மாலை, மகன் என்னைத் தனியே அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடைசி இரவு அப்பாவுக்கு வலி இருந்ததா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அக்காவிடம் மருந்துக் கொப்பி இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் அதை வாங்கி, ஐப்பசியில் தொடங்கிய வைத்தியக் கடிதங்களோடு சேர்த்து அக்காவை அருகே இருத்தி வாசித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் மருந்து கொடுத்ததும், இரண்டுக்கும் நேரே வலி இல்லை என்பதும் அக்காவின் கையெழுத்தில் இருந்தன. மகரகமை பற்றி அதன்பின் அவர் பேசவில்லை என்று மூத்த மகள் பிறகு எனக்குச் சொன்னார். கொப்பியைத் தான் கொண்டுபோகலாமா என்று கேட்டாராம். பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டிருக்கிறார். இந்த ஆய்வில் உள்ள காலவரிசையை நான் சரிபார்த்தது அந்தப் படங்களைக் கொண்டுதான்.